ஊருக்குப் போகும்போது மீன்தொட்டியை என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொங்கலுக்கு நான்கைந்து நாள், மே மாதத்தில் இரண்டு வாரம், இடையில் ஒரு கல்யாணம், ஒரு குலதெய்வக் கோயில் பயணம் என்று வீட்டைப் பூட்டவேண்டிய நாட்கள் வந்துகொண்டே இருக்கும். நாயையும் பூனையையும் யார் வீட்டிலாவது விடலாம். மீன்தொட்டியை இடம் பெயர்க்க முடியாது. கீழே உள்ள பதில்கள் தமிழ்நாட்டு வீடுகளில் இருக்கும் நன்னீர் வண்ண மீன் தொட்டிகளுக்கானவை. குளிர்நாட்டவர் எழுதும் குறிப்புகளில் பாதி, ஹீட்டரைப் பற்றியே இருக்கும். நமக்கு வெயிலும் மின்வெட்டும்தான் தலைவலி.

எத்தனை நாள் தீனி இல்லாமல் மீன்கள் தாங்கும்?

நன்றாக வளர்ந்த, நோயில்லாத மீன் ஒரு வாரம் தாராளமாகத் தாங்கும். பெரும்பாலான வகைகளுக்குப் பத்து நாளும் பெரிய விஷயமில்லை. நாம் சாப்பிடுவதில் பெரும்பகுதி உடம்பைச் சூடாக வைத்திருக்கவே செலவாகிறது. மீனுக்கு அந்தச் செலவு கிடையாது. தண்ணீரின் வெப்பம்தான் அதன் உடல் வெப்பம். ஆற்றிலும் குளத்திலும் தினமும் காலை ஒன்பது மணிக்கு அதற்கு யாரும் தீனி தூவுவதுமில்லை. பழைய தொட்டியாக இருந்தால் கண்ணாடியில் படிந்த பாசி, செடியின் வேரில் ஊறும் நுண்ணுயிர்கள் என்று கொறிப்பதற்கும் ஏதாவது இருக்கும்.

குஞ்சுகள், ஏற்கெனவே வயிறு ஒட்டிக் கிடப்பவை, நோயிலிருந்து இப்போதுதான் தேறியவை, கடையிலிருந்து வந்து ஓரிரு வாரமே ஆனவை ஆகியவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வெயில் காலத்தில் தண்ணீர் சூடேற ஏற மீனின் உடலியக்கமும் வேகமெடுக்கும். பசியும் சீக்கிரம் வரும். டிசம்பரில் பத்து நாள் விட்டுப்போகும் மீனை மே மாதத்தில் ஒரு வாரத்துக்கு மேல் விடாமல் இருப்பது நல்லது.

பட்டினியால் சாகவில்லை என்றால், ஊரிலிருந்து திரும்பும்போது மீன்கள் செத்து மிதப்பது ஏன்?

பெரும்பாலும் மூன்று காரணங்கள்: யாரோ பாசத்தோடு அள்ளிக் கொட்டிய தீனி, நின்றுபோன காற்று, கிளம்புவதற்கு முதல் நாள் வீட்டில் நடந்த அதிரடிச் சுத்தம்.

தீனியை முதலில் எடுத்துக்கொள்வோம். மீன் தின்னாமல் விட்டது அடியில் போய் அழுகும். அதிலிருந்து அம்மோனியா வரும். ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் சரளைக் கற்களிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அந்த அளவுக்குத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஆனால் அவை தினசரி வரும் கழிவின் அளவுக்கே பெருகி நிற்பவை. ஐந்து நாள் தீனி ஒரே நாளில் விழுந்தால் அவற்றால் ஈடுகொடுக்க முடியாது. தண்ணீர் வெளுத்துக் கலங்கும். அழுகலைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனையும் குடித்துவிடும். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடும். தீனி போட வந்தவர் அதைப் பசி என்று நினைத்து இன்னொரு சிட்டிகை போடுவார். தொட்டிகள் காலியாவது இப்படித்தான்.

தண்ணீர் சூடாகவும் காரத்தன்மையோடும் இருந்தால் அதே அளவு அம்மோனியா இன்னும் கொடியது. ஆழ்துளைக் கிணற்று நீர் ஊற்றும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். ஆகவே முதலில் காற்றுக்கு வழி, அடுத்தது தண்ணீர், கடைசியாகத்தான் தீனி. கடையில் போய் நின்றால் இந்த வரிசை தலைகீழாகத்தான் கேட்கக் கிடைக்கும். விற்பதற்குத் தீனிப் பொருட்கள்தானே அதிகம்.

பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாமா?

சொல்லலாம். ஒரு வாரத்துக்குள் திரும்புவதாக இருந்தால், "தீனியே போட வேண்டாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் எட்டிப் பார்த்தால் போதும்" என்று சொல்வதுதான் சிறந்தது. பத்துப் பதினைந்து நாள் என்றால் தீனி தேவைப்படும். அப்போதும் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். மீன் வளர்க்காதவருக்கு ஒரு சிட்டிகை என்பது எவ்வளவு என்று தெரியாது. எதிர்வீட்டுக் குழந்தைகள் வந்தால் ஆளுக்கொரு சிட்டிகை ஆகிவிடும்.

செய்தித்தாளைச் சிறு சதுரங்களாகக் கிழித்து, ஒவ்வொன்றிலும் ஒரு வேளைத் தீனியை வைத்துப் பொட்டலமாக மடியுங்கள். மேலே கிழமையை எழுதுங்கள். வழக்கமாக நீங்கள் போடும் அளவில் பாதி போதும். வாரத்துக்கு இரண்டு பொட்டலம், மிஞ்சினால் மூன்று. பொட்டலங்களை மூடியுள்ள பாட்டிலில் போட்டுவையுங்கள்; இல்லையென்றால் எறும்பு உங்களுக்கு முன்னால் கணக்கை முடித்துவிடும். மிச்சத் தீனி டப்பாவைப் பீரோவில் பூட்டிவிடுங்கள். நம்பிக்கை இல்லாததால் அல்ல. கண்ணில் பட்டால் போடத் தோன்றும்.

தொட்டியின் கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டலாம். இப்படி:

"அக்கா, செவ்வாயும் வெள்ளியும் ஒரு பொட்டலம் மட்டும். மீன்கள் கண்ணாடியை முட்டிக்கொண்டு வரும். ஆளைப் பார்த்தால் எப்போதும் அப்படித்தான். ஒரு நாள் மறந்தால் பரவாயில்லை, மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம். குமிழி வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால், அல்லது ஏதாவது மீன் செத்திருந்தால், உடனே போன் செய்யுங்கள். செத்த மீனை இந்த வலையால் எடுத்துவிடுங்கள்."

வலையைச் சீட்டுக்குப் பக்கத்திலேயே மாட்டிவிடுங்கள். செத்த மீனைத் தொட்டு எடுக்கப் பலருக்குக் கூச்சம் இருக்கும். அதைக் கேட்கும்போதே யார் உங்களுக்கு ஏற்ற ஆள் என்பது தெரிந்துவிடும்.

கடையில் விற்கும் விடுமுறைத் தீனிக் கட்டி நல்லதா?

வேண்டாம். வெள்ளைச் சுண்ணாம்புபோல் இருக்கும் கட்டிகள் மெல்லக் கரையும்போது தீனித் துணுக்குகள் வெளிவரும் என்பது கணக்கு. பல மீன்கள் அதைச் சீண்டுவதே இல்லை. கரைந்தது அடியில் வண்டலாகப் படியும். ஜெல் வகைக் கட்டி கொஞ்சம் மேல் என்றாலும் சூடான தண்ணீரில் அதுவும் கலங்கும். ஒரு வாரப் பயணத்துக்கு இரண்டுமே தேவையில்லாத செலவு.

பேட்டரியில் ஓடும் தானியங்கி ஃபீடர்?

இரண்டு வாரத்துக்கு மேல் போகிறவர்களுக்கு உதவும் கருவிதான். ஆனால் பெட்டியைப் பிரித்த அன்றே பொருத்திவிட்டு ரயிலேறக்கூடாது. நீங்கள் வீட்டில் இருக்கும்போதே ஒரு வாரம் ஓடவிட்டுப் பாருங்கள். வெறும் தட்டின் மேல் வைத்து, ஒரு சுற்றுக்கு எவ்வளவு விழுகிறது என்று கண்ணால் பார்த்து, துவாரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். இந்தக் கருவிகளில் பல, மிகச் சிறிய அளவில் வைத்தாலும் பத்துச் சிறு மீன்களுக்குத் தேவையானதைவிட அதிகமாகவே கொட்டும்.

நம் கடலோர ஊர்களில் இதற்குப் பெரிய எதிரி ஈரம். தொட்டியின் மூடிக்கு மேல் எழும் ஆவியில் தீனி நமத்து, துவாரத்தில் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒன்றும் விழாது, அல்லது கட்டி உடைந்து மொத்தமாக விழும். மெல்லிய செதில் தீனியைவிடக் குருணைத் தீனி இதற்கு ஏற்றது. குமிழி வெடித்துத் தெறிக்கும் இடத்துக்கு மேலே வைக்காதீர்கள். புது பேட்டரி போடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு வேளைக்கு மேல் வைக்கவே வேண்டாம்.

நாங்கள் இல்லாதபோது மின்சாரம் போய்விட்டால்?

உண்மையில் இதைத்தான் முதல் கேள்வியாகக் கேட்டிருக்க வேண்டும். மின்வெட்டைவிட ஆபத்தான ஒன்று வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: கிளம்பும்போது மெயினை அணைக்கும் பழக்கம். வாசலில் ஆட்டோ நிற்க, கடைசியாக வெளியே வரும் பெரியவர் பாதுகாப்புக்காக மெயினைத் தட்டிவிட்டுப் பூட்டுவார். தொட்டியின் காற்று அந்த நொடியிலேயே நின்றுவிடும். மெயின் பெட்டியிலேயே ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள். மற்ற சுவிட்சுகளைத் தனித்தனியாக அணைத்துக்கொள்ளலாம்.

வெப்பம் கூடக்கூடத் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் அதிகபட்சம் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருக்கும். 32 டிகிரியில் சுமார் 7.3 தான். அதே வெப்பத்தில் மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடியிருக்கும். ஐந்தாறு தங்க மீன்களை நெருக்கி வைத்திருக்கும் தொட்டி, காற்றில்லாமல் ஓர் இரவைக் கடப்பதே சிரமம். பெரிய தொட்டியில் நான்கைந்து சிறு மீன்கள் இருந்தால் ஒரு நாள்கூட ஓட்டிவிடும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ஏர் பம்பை அந்த இணைப்பில் மாட்டுங்கள். சாதாரணச் சிறு ஏர் பம்பு மூன்று முதல் ஐந்து வாட் மட்டுமே எடுக்கும். ஃபேனும் விளக்கும் ஓடாத வீட்டில் நல்ல பேட்டரி மணிக்கணக்கில் தாங்கும். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள், மின்சாரம் நின்றதும் தானாக ஓடத் தொடங்கும் பேட்டரி ஏர் பம்பை வாங்கலாம். சாதாரண பம்போடு கூடுதலாக இதையும் ஓரமாக வைத்துவிட்டுப் போகலாம்.

கவனிக்க வேண்டிய இன்னொரு சிறு பொருள், காற்றுக்குழாயின் நடுவில் செருகும் ஒருவழி வால்வு. விரல் நகம் அளவுதான் இருக்கும், விலையும் சொற்பம். ஏர் பம்பு தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், மின்சாரம் நின்றதும் தொட்டித் தண்ணீர் குழாய் வழியாகப் பின்னோக்கி இறங்கிப் பம்புக்குள் போகும். அங்கிருந்து தரைக்கும் வரும். இந்த வால்வு அதைத் தடுக்கும். செருகியபின் பம்பின் பக்கத்திலிருந்து ஊதிப் பாருங்கள். காற்று போக வேண்டும். தொட்டியின் பக்கத்திலிருந்து ஊதினால் போகக்கூடாது. திருப்பி மாட்டிவிட்டால் குமிழியே வராது. வால்வு கிடைக்காவிட்டால் பம்பை நீர்மட்டத்துக்கு மேலே ஓர் ஆணியில் தொங்கவிட்டாலும் போதும்.

பிளக் வரை வரும் கம்பிகள் சுவிட்சுக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி மேலேறட்டும். கம்பியில் வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

மே மாதம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் தொட்டி கொதித்துவிடாதா?

கொதிக்காது, ஆனால் சூடேறும். ஆட்கள் இருக்கும்போது ஃபேன் ஓடும், ஜன்னல் திறந்திருக்கும். பூட்டிய மொட்டைமாடி வீட்டில் இரண்டும் இல்லை. மேற்கு ஜன்னலுக்குத் திரை போடுங்கள். தொட்டி விளக்கை அணைத்துவிடுங்கள். விளக்கும் சூடு தரும். ஹீட்டரைப் பிளக்கிலிருந்து பிடுங்கிவிடுங்கள். மே மாதத்தில் நமக்கு அது தேவையே இல்லை. தண்ணீர் ஆவியாகி மட்டம் இறங்கி, எரிந்துகொண்டிருக்கும் ஹீட்டரின் கண்ணாடி வெளியே தெரிந்தால் வெடிக்கும்.

கண்ணாடி மூடியைக் கொஞ்சம் விலக்கி, திறந்த இடத்தில் கொசுவலைத் துணியைக் கட்டுங்கள். ஆவியாவது கூடும், தண்ணீர் ஓரிரு டிகிரி குளிரும். அதற்கு ஈடாகத் தொட்டியை விளிம்பு வரை நிரப்பிவிட்டுப் போக வேண்டும். தொட்டியின் பின்புறம் தொங்கும் ஃபில்டர் வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம்: மட்டம் மிக இறங்கினால் அது தண்ணீரை இழுக்க முடியாமல் வெறுமனே சுற்றும். ஒரு பக்கெட் தண்ணீரை முன்பே பிடித்துவைத்து, பார்க்க வரும் அக்காவிடம் நடுவில் ஒருமுறை மெல்ல ஊற்றச் சொல்லலாம்.

கிளம்பும் முன் முழுத் தண்ணீரையும் மாற்றி, எல்லாவற்றையும் கழுவிவிட்டால் நிம்மதிதானே?

நமக்கு நிம்மதி, மீனுக்கு இல்லை. கற்களையும் ஸ்பாஞ்சையும் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால், அம்மோனியாவை விழுங்கும் பாக்டீரியாக்கள் சாக்கடையோடு போய்விடும். அவை திரும்பப் பெருக வாரங்கள் ஆகும். சரியாக அந்த வாரங்களில்தான் நீங்கள் வீட்டில் இருக்கமாட்டீர்கள்.

கிளம்ப நான்கைந்து நாள் இருக்கும்போது ஸ்பாஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஒருமுறை பிழிந்து மாட்டுங்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். குளோரின் கலந்த லாரித் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ என்றால், கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டு மருந்தைக் குப்பியில் சொன்ன அளவில் கலந்து ஊற்றுங்கள். அந்த இரண்டு நாள் இடைவெளி, ஏதாவது தவறாகப் போனால் நீங்களே பார்த்துச் சரிசெய்வதற்கு. கடைசி நாளில் அரை வயிறு தீனி. போகிறோமே என்று ஒரு பிடி அதிகம் வேண்டாம்.

பயணத்துக்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில் புது மீன் வாங்காதீர்கள். சென்னை கொளத்தூரின் வண்ண மீன் கடைத்தெருவில் அழகான ஏஞ்சல் மீன் கண்ணில் பட்டாலும் திரும்பி வந்து வாங்கிக்கொள்ளலாம். புது மீனோடு வரும் வெண்புள்ளி நோய் சில நாள் கழித்துத்தான் வெளியே தெரியும்.

செடிகள் உள்ள தொட்டிக்கு விளக்கு வேண்டாமா?

டைமர் வைத்து ஆறு மணி நேரம் கொடுங்கள். டைமர் இல்லையென்றால் அணைத்துவிடுங்கள். ஒரு வாரம் மங்கிய வெளிச்சத்தில் செடி செத்துவிடாது. விடாமல் எரியவிட்டுப் போனால் பாசிதான் மண்டும்.

கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரே ஒரு ஃபைட்டர் மீன் இருக்கிறது. அதற்கும் இதே விதிகளா?

ஃபைட்டர் மேலே வந்து காற்றை நேரடியாகவே விழுங்கும், கௌராமியும் அப்படியே. மின்வெட்டு அதை அதிகம் பாதிக்காது. சிக்கல் கிண்ணத்தின் அளவில் இருக்கிறது. இரண்டு லிட்டர் தண்ணீரில் நான்கு குருணை அழுகினாலே அது விஷம். நான்கைந்து நாளுக்கு மேல் போவதாக இருந்தால், மூடியுள்ள பத்து லிட்டர் பிளாஸ்டிக் டப்பாவுக்கு அதை முன்பே மாற்றிப் பழக்குங்கள். மூடியில் காற்றுத் துளைகளும், நீர்மட்டத்துக்கு மேல் மூன்று விரல் இடைவெளியும் இருக்கட்டும். ஃபைட்டர் குதிக்கும். வேறொரு நண்பர் தொட்டியில் அதை விட்டுவிட்டுப் போகும் யோசனை மட்டும் வேண்டாம்.

கப்பி குஞ்சு போட்டிருக்கிறது. என்ன செய்ய?

குஞ்சுகளுக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை வேண்டும். பெரிய மீன்கள்போல் பட்டினி தாங்காது. மீன் வளர்க்கத் தெரிந்த ஒருவர் வந்து பார்க்க முடியாவிட்டால், நீர்ப்பாசியும் மிதக்கும் செடியும் அடர்ந்த தொட்டியில் விட்டுப் போங்கள். அதில் ஊறும் நுண்ணுயிர்களைத் தின்று ஒரு பகுதி பிழைக்கும். கப்பி திரும்பவும் போடும். அது வேறு விஷயம்.

ஆஸ்கார், அரோவானா போன்ற பெரிய மீன்கள்?

பட்டினியைச் சிறு மீன்களைவிட நன்றாகத் தாங்கும். போவதற்கு முன் வயிறு முட்ட இறைச்சியோ உயிர் மீனோ போட்டுவிட்டுப் போவதுதான் தவறு. கழிவு மொத்தமும் நீங்கள் இல்லாத நாட்களில் தண்ணீரில் சேரும். அரோவானாத் தொட்டியின் மூடிமேல் எடை வையுங்கள், மூலைகளை டேப்பால் ஒட்டுங்கள்.

மாடியில் தாமரைத் தொட்டியில் உள்ள மீன்கள்?

இவைதான் நிம்மதியானவை. பாசியும் கொசுப்புழுவும் அங்கேயே உண்டு, மின்சாரம் தேவையில்லை. மழைக்காலமானால் தண்ணீர் வழியும் துவாரத்தில் வலை கட்டுங்கள். கோடையானால் பாதித் தொட்டிக்கு நிழல் கொடுங்கள். மீன்கொத்தியும் காகமும் கண்டுபிடித்துவிட்டால் மட்டும் எண்ணிக்கை குறையும்.

இரண்டு மாதம் வெளிநாடு போகிறோம். அதற்கு?

பொட்டலமும் ஃபீடரும் இதற்குப் போதாது. தண்ணீர் மாற்ற ஆள் வேண்டும். மீன் வளர்க்கும் நண்பருக்குக் கொடுத்துவையுங்கள். வண்ண மீன் கடைக்காரர்கள் சிலர் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், பணம் எதிர்பார்க்காதீர்கள். எடுத்துப்போகும்போது ஒரு நாள் முன்பே தீனியை நிறுத்துங்கள். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. ஸ்பாஞ்சும் ஈரமாக மீனோடு போகட்டும்.

பேசாமல் ஏரியில் விட்டுவிடலாமா? அங்கே சுதந்திரமாக இருக்குமே?

கூடாது. வாலாட்டி வாலாட்டிக் கை நோக்கி வரும் தங்க மீன் ஏரியில் முதல் கொக்குக்கு இரையாகும். பிழைத்துக்கொள்ளும் வகைகள் இன்னும் மோசம். கண்ணாடியைச் சுத்தம் செய்வதற்காக வாங்கும் சக்கர் மீன் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. உடல் முழுக்கக் கவசம், எந்தத் தண்ணீரிலும் வாழும். இப்படி விடப்பட்டவை தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நீர்நிலைகளில் பெருகி, வலையைக் கிழித்து, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்திருக்கின்றன. மீனவர்களிடம் கேட்டால் அதைத் திட்டாமல் பேசமாட்டார்கள்.

திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பெட்டியை வைத்துவிட்டு, தீனி டப்பாவை எடுப்பதற்கு முன் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். நல்ல தொட்டியில் மண்வாசனை இருக்கும். அழுகல் நாற்றம் வந்தால் எங்கோ ஒரு மீன் கிடக்கிறது. எண்ணுங்கள். குறைந்தால் கற்களுக்கு இடையில், ஃபில்டரின் பின்னால், தொட்டிக்குப் பின்புறத் தரையில் தேடுங்கள். கிடைத்ததை எடுத்துவிட்டுக் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் ஆவியான அளவுக்கு மட்டும் குளோரின் நீக்கிய தண்ணீர் ஊற்றுங்கள். கால் பங்கு மாற்றுவதை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.

மின்சாரம் நீண்ட நேரம் நின்றிருந்ததாகத் தெரிந்தால், மூடிய பெட்டி வகை ஃபில்டரை அப்படியே ஓடவிடாதீர்கள். உள்ளே தேங்கிய தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்து அழுகல் தொடங்கியிருக்கும். அது நேராகத் தொட்டிக்குள் வரும். கழற்றி, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிப் பிறகு மாட்டுங்கள்.

முதல் தீனி, வழக்கத்தில் பாதி. இரண்டு நிமிடத்தில் தின்று முடித்தால் மறுநாளிலிருந்து பழைய அளவுக்குத் திரும்பலாம்.